இரண்டாம் இலக்கக் கேள்வி

கொட்டாஞ்சேனை
18 ஜனவரி 2025

வித்யாவுக்கு,

அண்ணன் தியாகு எழுதுவது. நான் சுகம். நீயும் மச்சானும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதமாக என் தொண்டை கரகரக்கிறது என்று நீ அரித்துக்கொண்டிருந்தாய் அல்லவா, நேற்று டொக்டரிடம் காட்டினேன். மூக்கு வழியாக ஒரு வயரை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் வெள்ளையாக ஒரு படை இருக்கிறதாம். வியாழக்கிழமை அதில் ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார். இனி அவர் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது. புறக்கோட்டையில் சாக்குக் கடை வைத்திருப்பவனைப் பார்த்துச் சத்தம் போடாதே என்கிறார். மூட்டை தூக்கும் நாட்டாமைமார் என் குரலுக்குத்தான் அசைவார்கள் என்று அவருக்கு எங்கே தெரியும்.

நீ இனி எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் என்னால் கதைக்க முடியாது, நான் எடுக்காவிட்டால் செத்துப்போனேன் என்று முடிவு கட்டுவாய். வட்ஸ்அப்பையும் அழித்துவிட்டேன். டொக்டரிடம் போகிறேன் என்று சொன்ன பிழைக்கு நேற்றுக் காலை மட்டும் பதினேழு தரம் 'என்ன?' என்று அனுப்பியிருக்கிறாய். இங்கே வரவும் வேண்டாம். நீ வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சிரிப்பு வரும், சிரிப்பும் சத்தம்தான்.

எழுதலாம் என்று டொக்டர் சொன்னார், ஆகவே கடிதம். நம் ஓட்டோக்கார ஹபீஸ் தினமும் வெள்ளவத்தைப் பக்கம் வந்து போகிறான், பதிலை அவனிடம் கொடுத்துவிடு. ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் உன் பதற்றமும் கொஞ்சம் தணியும். பதறாத காரியம் சிதறாது.

ஒன்றுமில்லை. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தியாகு

*

வெள்ளவத்தை
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி வித்யாலட்சுமி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் இவரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். சுகம் என்று எழுதவே கை கூசுகிறது. உங்கள் கடிதம் வந்த நேரத்திலிருந்து அடுப்பில் வைத்த பால் மூன்று தரம் பொங்கி வழிந்துவிட்டது.

ஒன்றுமில்லாததற்கா மூக்குக்குள் வயர் விடுகிறார்கள்? நான் கூகுள் பார்க்கக் கூடாது என்று இவர் என் போனை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

இலக்கம் போட்டுக் கேட்கிறேன், நீங்களும் இலக்கம் போட்டே பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் விலாங்கு மீன் மாதிரி நழுவிவிடுவீர்கள்.

1. வலி இருக்கிறதா?
2. பயமாக இருக்கிறதா?
3. விழுங்க முடிகிறதா?
4. டொக்டர் அந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னாரா?

கேரியரில் குழைந்த சோறு, பருப்பு, புடலங்காய்ப் பால்கறி. உறைப்பே போடவில்லை. அண்ணி போன பிறகு ஆறு வருடமாகக் கடைச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளுகிறீர்கள், அதுதான் தொண்டையில் வந்து நிற்கிறதோ என்னவோ. மேல்தட்டில் விபூதி இருக்கிறது, பூசுங்கள்.

நேற்று ஹபீஸ் கிளம்பும்போது பூனை குறுக்கே போனது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி கிளம்பச் சொன்னேன். "அக்கா, அது உங்கட பூனைதானே" என்கிறான். எந்தப் பூனையாக இருந்தால் என்ன.

உடனே பதில் எழுதுங்கள். உடனே என்றால் உடனே.

வித்யா

*

கொட்டாஞ்சேனை
22 ஜனவரி 2025

வித்யாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு எல்லாம் வழமை போல. உன் பால் சட்டிக்கு என் அனுதாபம்.

1. இல்லை.
3. முடிகிறது.
4. சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைக்கு ஒரு விசில் வாங்கினேன். ஒரு தரம் ஊதினால் ஏற்று, இரண்டு தரம் ஊதினால் இறக்கு. முதல் நாளே குறுக்குத் தெருவில் வந்த லொறியெல்லாம் நின்றுவிட்டது. பொலிஸ்காரர் வந்து "மொகத மே, முதலாளி?" என்று கேட்கிறார், இது என்ன கூத்து என்று. நம் கடையில் முப்பது வருடமாக மூட்டை தூக்கும் இருளப்பன்தான் என் தொண்டையைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். பொலிஸ்காரர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் பிடிக்கவில்லை.

நாளைக்குத் துண்டு எடுக்கிறார்கள். பத்து நிமிட வேலையாம். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நீ அதுவரை தூங்கு.

தியாகு

*

வெள்ளவத்தை
4 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வித்யா எழுதுவது. உடம்பெல்லாம் எப்படி? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனம்தான் ஓர் இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறது.

இரண்டாம் இலக்கக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டீர்களா?

பன்னிரண்டு நாளாகிவிட்டது. பரிசோதனைக்கூடத்துக்கு நான் மூன்று தரம் போன் எடுத்தேன். இப்போது அந்தப் பிள்ளை என் குரலைக் கேட்டவுடனே "இன்னும் வரேல்லை அன்ரி" என்கிறாள். வீட்டில் இருக்க முடியாமல் காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். ரயில் வந்தது. பெட்டிகளை எண்ணினேன், இரட்டை வந்தால் நல்லது, ஒற்றை வந்தால் கெட்டது. ஒற்றை வந்தது. பிறகு எஞ்சினையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன். இதை இவரிடம் சொன்னால் சிரிப்பார்.

உங்களுக்கு எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. எப்படி அண்ணா அப்படி இருக்க முடிகிறது? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாருங்கள்.

இன்னொன்று. கேரியர் கழுவி மினுங்கிக்கொண்டு வருகிறது. உங்களுடைய ஐம்பத்தெட்டு வயதில் நீங்கள் ஒரு பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவியதில்லை, விளிம்பில் மஞ்சள் இருக்கும். இது இருளப்பன் கழுவிய கேரியர். சாப்பிட்டதும் அவர்தான். மூன்றாம் இலக்கத்துக்கு மறுபடி பதில் எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
வித்யா

*

கொட்டாஞ்சேனை
14 பெப்ரவரி 2025

வித்யாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். மச்சானின் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது?

முடிவு நேற்று வந்தது. இரண்டுங்கெட்டான் முடிவு. செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, ஆனால் புற்றுநோய் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மூன்று மாதம் பொறுத்து மறுபடி வயர் விட்டுப் பார்ப்பது. மற்றது, இப்போதே அந்தப் படையை முழுதாக வெட்டி எடுப்பது. பொறுத்தால் அது வளரலாம். வெட்டினால் குரல் திரும்பாமலே போகலாம். எது நல்லது என்று கேட்டேன். "அது நீங்கள்தான் முடிவு செய்ய வேணும்" என்கிறார். இதைச் சொல்ல ஒரு டொக்டர்.

நான் பொறுக்கப் போகிறேன். மூன்று மாதம் பார்ப்போம். இந்தக் குரல் இல்லாவிட்டால் நான் புறக்கோட்டையில் யார்? விசில்காரன்.

சோறு விஷயத்தில் பிடித்துவிட்டாய். விழுங்க முடிகிறது, மனம் வரவில்லை. வீணாக்கவில்லை, இருளப்பன் உன் புடலங்காய்க் கறியைப் புகழ்கிறார்.

தியாகு

*

வெள்ளவத்தை
15 பெப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

வித்யா. நலம் கேட்கவெல்லாம் இன்றைக்கு நேரமில்லை.

பார்ப்போம், பார்ப்போம், பார்ப்போம். பகவதி அண்ணிக்கும் இதைத்தான் சொன்னீர்கள். ரிப்போட்டை எடுக்கப் போகாமல் 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்றீர்கள். அடுத்த மாதம் என்ன பார்த்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எழுதிவிட்டேன், இனிக் கோடு போட்டு அடிக்கமாட்டேன். கோபம் வந்தால் வரட்டும். எனக்கு இருப்பது ஒரே ஓர் அண்ணன், குரலோ குரல் இல்லையோ ஆள் எனக்கு வேண்டும்.

நான் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். நீங்கள் சொல்வதை என்னால் கேட்க முடியாது. ஆகவே பூக்கட்டிப் பார்ப்போம். அப்பா கடை திறக்கிறபோதும், என் கல்யாணத்துக்கும் கட்டிப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வலரி ஒரு பொட்டலம், ஒரே வாழையிலையில் ஒரே மாதிரிக் கட்டிப் பிள்ளையார் முன் வைப்பேன். பக்கத்து ஃபிளாட் ஸ்ரீஜாவுக்கு நாலு வயது, கள்ளம் தெரியாத பிள்ளை, அவள் ஒன்றை எடுக்கட்டும். வெள்ளை என்றால் வெட்டுவது, சிவப்பு என்றால் பொறுப்பது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, கடலில் விட வேண்டும். வந்ததை இரண்டு பேரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சம்மதம் என்று எழுதுங்கள்.

வித்யா

*

கொட்டாஞ்சேனை
20 பெப்ரவரி 2025

வித்யாவுக்கு,

நான் சுகம். ஐந்து நாள் எழுதாததற்குக் கடையில் வேலை அதிகம் என்று வைத்துக்கொள்.

பகவதியைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்தேன்.

சரி, கட்டிப் பார். பிள்ளையார் சொன்னால் நான் மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு வந்தால் நீ மே மாதம் வரைக்கும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது உனக்கு ஒப்பரேஷனை விடக் கஷ்டம்.

தியாகு

*

வெள்ளவத்தை
21 பெப்ரவரி 2025, வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வித்யா எழுதுவது. எல்லாரும் நலம்.

பூக்கட்டிப் பார்த்தாயிற்று. காலையில் தலைக்குக் குளித்து, நானே இலை வெட்டி, நானே நாரால் கட்டினேன். பூப் பொட்டலம் இரண்டு, உங்களுக்கு விபூதிப் பொட்டலம் ஒன்று. ஸ்ரீஜா கண்ணைப் பொத்திக்கொண்டு எடுத்தாள். ஐயரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளை.

எடுத்த பொட்டலத்தை மறுபடி கட்டி, விபூதியோடு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மற்றதைக் கோயிலிலிருந்து நேரே போய்க் கடலில் விட்டுவிட்டேன். ஹபீஸ் கீழே ஹோர்ன் அடிக்கிறான், இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்கலாமா?

வித்யா

*

கொட்டாஞ்சேனை
22 பெப்ரவரி 2025

வித்யாவுக்கு,

நலம். கேரியர் வந்தது, மேல்தட்டைப் பார்த்தேன். வெள்ளைதான்.

திகதி எடுக்கச் சொல்லி மச்சானிடம் சொல். கெதியாகக் கிடைத்தால் நல்லது.

தியாகு

*

வெள்ளவத்தை
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வித்யா எழுதுவது. இவர் நலம், நானும் இருக்கிறேன். காயம் ஆறுகிறதா? பால்கஞ்சி இறங்குகிறதா?

ஒப்பரேஷன் முடிந்து பத்தொன்பது நாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன், ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வரவில்லை. விபூதி பூசினீர்களா என்றுதான் கேட்டேன். சிலேட்டில் 'ம்' என்று எழுதினீர்கள். ஒரு 'ம்'மை யாராவது எழுதுவார்களா?

வெட்டி எடுத்ததன் ரிப்போட்டை இவர் வாங்கி வந்தார். மறுபடியும் அதே கதை. முன்னைவிடக் கொஞ்சம் கூட மாறியிருக்கிறதாம், ஆனால் இன்னும் அதுவாகவில்லையாம். "எடுத்தது நல்லது என்றும் சொல்லலாம், பொறுத்திருக்கலாம் என்றும் சொல்லலாம்" என்றாராம் டொக்டர். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இல்லை. புற்றுநோய் என்று வந்திருந்தால் வெட்டியது சரி என்று நிம்மதியாக அழுதிருப்பேன். இப்போது எதற்காக அழுவது?

போன ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டதற்கு மன்னியுங்கள். முழங்கால் வலி. படி ஏற முடியவில்லை.

வித்யா

*

வெள்ளவத்தை
18 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வித்யா எழுதுவது. உங்கள் நலத்தை ஹபீஸிடமும் இருளப்பனிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு அனுப்பிய சர்க்கரைப் பொங்கலுக்குக் கூட ஒரு வரி வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பே டொக்டர் கதைக்கச் சொல்லிவிட்டார் என்று இருளப்பன் ஹபீஸிடம் சொல்லியிருக்கிறார். "முதலாளி இன்னும் விசில்தான் ஊதுறார்" என்றாராம். ஏன் அண்ணா? வரவில்லையா? முயற்சி செய்து பார்த்து வரவில்லையா? குரல் போய்விட்டது என்றால் போய்விட்டது என்று எழுதுங்கள். வெட்டச் சொன்னவள் நான். திட்டியாவது எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருப்பது கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது, அந்தக் கல் நான்தான்.

நான் இப்போது பிள்ளையார் கோயிலுக்குப் போவதில்லை. காலி வீதியில் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் எதிர்ப்பக்கத்தால் போகிறேன். இவர் ஏன் என்று கேட்டார். வெயில் என்றேன். காலை ஏழு மணிக்கு என்ன வெயில் என்கிறார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. நேரில் வந்தாலும் வராது. விடுங்கள்.

முழங்கால் இன்னும் சரியாகவில்லை.

வித்யா

*

கொட்டாஞ்சேனை
9 மே 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் தியாகு எழுதுவது. சோறு நன்றாக இறங்குகிறது. நேற்று வந்த கேரியரின் விளிம்பைப் பார்த்திருப்பாய், மஞ்சள் இருந்திருக்கும், நானே கழுவினேன்.

உன் முழங்கால் வலி என்னவென்று எனக்குத் தெரியும். பெப்ரவரியிலிருந்தே தெரியும்.

அன்றைக்குக் கேரியரின் மேல்தட்டில் இரண்டு பொட்டலம் இருந்தது. விபூதி எடுக்கலாம் என்று ஒன்றைப் பிரித்தேன், நந்தியாவட்டை. சரி, இது ஸ்ரீஜா எடுத்த பொட்டலம் என்று மற்றதைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. மூன்றையும் ஒரே மாதிரிக் கட்டிவிட்டு, அவசரத்தில் நீ கடலில் விட்டது பிள்ளையாருடைய விபூதி, வித்யா.

முதலில் சிரித்தேன், சத்தமில்லாமல். பிறகு இரண்டு பொட்டலத்தையும் மறுபடி கட்டி வைத்தேன். சொந்தப் பூனை குறுக்கே போனாலே ஓட்டோவைத் திருப்புகிறவள் நீ. நீ போய்ப் பிள்ளையாரை ஏமாற்றியிருக்கிறாய். அதற்கு என்ன வரும் என்று எவ்வளவு பயந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். நீ கட்டுவதற்கு இரண்டு நாளைக்கு முன் நானும் கட்டிப் பார்த்தேன். இங்கே மாரியம்மன் கோயிலில். சின்னப் பிள்ளை கிடைக்கவில்லை, அறுபது வயது இருளப்பனைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னேன். ஒழுங்காகக் கட்டிய பொட்டலம், ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பு வந்தது. நான் விரும்பியதுதான். அந்தத் தைரியத்தில்தான் உனக்குச் சம்மதம் எழுதினேன். அம்மன் கொடுத்த சிவப்பு என் சட்டைப் பைக்குள் இருக்க, நீ கள்ளமாகக் கட்டிய வெள்ளைக்குத்தான் நான் ஒப்பரேஷனுக்குப் போனேன். அம்மனுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். உனக்கு அப்படியில்லை. ஆகவே வெட்டச் சொன்னவள் நீ என்று எழுதாதே. தெரிந்துகொண்டு போனவன் நான்.

ஊரெல்லாம் என்னை நிதானமானவன் என்கிறது. நீயும் எருமை மாடு என்கிறாய். உண்மையைக் கேள். பகவதியின் ரிப்போட்டை நான் எடுக்கப் போகாததற்குக் காரணம் நிதானம் இல்லை. எடுக்காதவரைக்கும் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அதுதான் காரணம். இப்போதும் அதையே செய்கிறேன். கதைக்கலாம் என்று டொக்டர் சொல்லி ஆறு வாரம். இன்னும் நான் ஒரு சத்தமும் போட்டுப் பார்க்கவில்லை. குரல் போகவும் இல்லை, வரவும் இல்லை, நான் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். உனக்குப் பயம் வந்தால் தெருவுக்கே தெரியும். எனக்கு வந்தால் எனக்கே தெரிவதில்லை, வாய் மூடிக்கொள்கிறது.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் எடு. பதினேழு தரம் வேண்டாம், ஒரு தரம் போதும், எடுப்பேன். என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. தவளைச் சத்தம் வந்தால் சிரிக்காதே. ஒன்றுமே வராவிட்டால் போனை வைத்துவிடாதே, நீ கதை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்கு முன் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கிக்கொண்டு வா. பிள்ளையார் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே உன் கையைப் பிடித்திருப்பார்.

நீ ஜனவரியில் கேட்டதில் ஒன்றுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

2. ஓம், பயம்தான். முதல் நாளிலிருந்தே.

உன் அண்ணன்
தியாகு